செலவழிக்காத வார்த்தை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன். அப்படிப்பட்டவள் ஒரு பெரிய பழைய நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாய்விட்டுப் படித்தேன் என்றால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். படித்தது நான்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கம். வேதப் புத்தகம் படித்துப் படித்து அவர் தமிழே தனி. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. முத்தினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் அவருடைய அம்மாவின் புத்தகம் ஒன்று இருந்தது. பத்திரிகையில் வாராவாரம் வந்த கதையைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காக்கித் துணியில் அட்டை போட்டது.

"நீ கண்ணைக் குடுட்டி, நான் அர்த்தம் சொல்லுதேன்" என்றார் ஒரு நாள்.

மத்தியானச் சங்கு ஊதி ஆண்கள் வேலைக்குத் திரும்பியதும் உட்காருவோம். எழுத்துக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு இழுத்து இழுத்துப் படிப்பேன். தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி அக்கா அர்த்தம் சொல்வார். ஆனால் சும்மா சொல்ல மாட்டார். மறுநாள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

"நேத்து வார்த்தைய எங்கட்டி செலவழிச்ச?"

யாரிடமாவது பேசிவிட்டு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குக் கதை கிடையாது.

அதனால் 'பராமுகம்' என்ற வார்த்தையைத் தண்ணீர்க் குழாயடியில் செலவழித்தேன். எனக்கு முன்னால் நின்றவள் என்னைப் பார்க்காத மாதிரி ஐந்தாவது குடத்தையும் வைத்தாள்.

"இன்னாம்மே, பின்னாடி ஆள் நிக்கிறது தெரியலியா? இப்டி பராமுகமா கீறியே!"

"இன்னா சொன்னே?" என்று திரும்பினாள். "ஏய், கேட்டீங்களா? இது பக்கத்தூட்டம்மாகிட்ட டியூசன் போவுதாம்!"

வரிசையே சிரித்தது. ஆனால் ஐந்தாவது குடத்தை எடுத்துவிட்டாள்.

வாஞ்சையை வீட்டில் செலவழித்தேன். "ஒரு நாளாவது வாஞ்சையா பேசக்கூடாதா?" என்று கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் படத்துக்குடி போய்ட்டு வந்தே?" என்றார். அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இப்படி நடந்தால் கதை எங்கே நகரும்? மழைக்காலம் போய் வெயில் வந்தது. பாதியைத் தாண்டியிருந்தோம். அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும்.

"இனி வார்த்தைக்கு நிக்காண்டாம்ட்டி. முடிவு தெரியாம நான் எப்படி ஊருக்குப் போக?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்போது நன்றாகவே படிக்க வந்திருந்தது. அந்தப் பெருமை வேறு. நிற்காமல் ஓட்டினேன். புரியாத வார்த்தைகளை வாயால் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன்.

கடைசிப் பக்கத்தைப் படித்தபோது சாமான் எல்லாம் கட்டி வைத்திருந்தது. நாங்கள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். ஒரு வரியில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வரியின் முக்கியமான வார்த்தை எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று நினைத்தேன். வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"நீயே வச்சுக்கட்டி. எனக்கு எதுக்கு இனிமே?" என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தப் பின்பாதி எனக்குக் கதையாகத் தெரியும், வார்த்தையாகத் தெரியாது. முடிவு தெரியாமலே அக்காவை அனுப்பியிருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்ததுண்டு. முடியாத கதைக்காகவாவது ஒரு முறை வந்திருப்பார், அல்லது நான் போயிருப்பேன்.

பல வருஷம் கழித்து அந்த வரியின் வார்த்தைக்கு மகள் அகராதி பார்த்து அர்த்தம் சொன்னாள். ஆற்றாமை. தாங்க முடியாத வருத்தம் என்றாள். மறுநாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், பஸ்ஸை விட்ட ஆற்றாமையைப் பற்றிச் சொன்னேன். பெரிய வார்த்தை, சின்ன விஷயத்துக்கு. அவள் சிரிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. "ஆமாங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், எங்கே செலவழித்தேன் என்று அக்காவிடம் சொல்வதற்கு வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன்.