கைத்தாங்கல் ஹுதைஃபா

விருது என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த விருதை வைத்துத்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது என்பது வேறு விஷயம். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷீல்டும் ஃப்ளெக்ஸ் போர்டும் செய்து கொடுக்கிற கடை என்னுடையது. என் முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள். அதை அப்படியே போர்டில் எழுதினால் போன் நம்பருக்கு இடம் இருக்காது என்று கடைக்குப் பெருமாள் ஷீல்டு என்று பெயர் வைத்தேன். ஸ்ரீவைகுண்டத்துக் கபடி, விளாத்திகுளத்து ரத்ததானம், புன்னைக்காயல் படகுப் போட்டி என்று மாவட்டத்தில் நாலு பேர் கைதட்டுகிற இடமெல்லாம் என் சரக்கு போகும். வருகிற எல்லோருக்கும் ஷீல்டில் ஒரு சிப்பி வேண்டும், சிப்பிக்குள் ஒரு முத்து வேண்டும். முத்து சென்னையிலிருந்து மூட்டையில் வருகிறது. பிளாஸ்டிக்.

சிறந்த இளைஞர், சேவைச் செம்மல், இளம் சாதனையாளர் என்று எத்தனையோ பேருக்குப் பொறித்துக் கொடுத்துவிட்டேன். பாதிப் பேர் விருது வாங்குவதற்கு முதல் நாள்தான் சேவையைத் தொடங்கியிருப்பார்கள். நான் மனசாரப் பொறித்த பெயர் ஒன்றே ஒன்று, காயல்பட்டினம் ஹுதைஃபா. ஒவ்வொரு வருஷமும் அவன் பெயரைப் பொறித்தேன். அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

காயல்பட்டினத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்த் தங்கவேண்டும். ஆண்பிள்ளையின் பங்கு ஒரு பாஸ்போர்ட். ஹுதைஃபாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்து நொடித்து ஊர் திரும்பி, சீக்கிரமே கண்ணை மூடிவிட்டார். உம்மாவுக்குத் துணையாக ராத்தா, அதாவது அவன் அக்கா, வீட்டோடு இருந்தாள். இவன் பி.காம் முடித்த கையோடு பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு விசாவுக்காகக் காத்திருந்தான். சும்மா இருக்கிற பையன் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

அவன் தெருவில் ரஹ்மத்துன்னிஸா மாமி இருந்தார்கள். மாமிக்கு ஒரே மகன் ஜக்கரிய்யா, துபாயில் பெரிய கடை, பெண்டாட்டி பிள்ளைகளும் அங்கேதான். பெண்பிள்ளை பெறாத தாய்க்கு அந்த ஊரில் வயசுக் காலத்தில் தனிமைதான். ஒருநாள் மாமிக்கு நெஞ்சை அடைத்தது. ஜக்கரிய்யா துபாயிலிருந்து ஹுதைஃபாவுக்குப் போன் போட்டார். "தம்பி, உம்மாவைக் கொஞ்சம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" இவன் ஆட்டோவைப் பிடித்து, உப்பளங்களைத் தாண்டி, தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மாமி பிழைத்துக்கொண்டார்கள். இவன் மாட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் சவூதியிலிருந்து ஒரு மகன் கூப்பிட்டான். அப்புறம் கத்தார். ஹுதைஃபாவும் நாலு கூட்டாளிகளும் சேர்ந்து 'கைத்தாங்கல்' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெரியவர்களைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், கையைப் பிடித்து வீட்டில் விடவேண்டும், அவ்வளவுதான் திட்டம். என் கடைக்கு அடுத்தது ஸ்கேன் சென்டர் என்பதால் காத்திருக்கும் நேரத்தில் என் பெஞ்சில் வந்து உட்காருவான். அப்படித்தான் பழக்கம். நாலு கூட்டாளிகளுக்கும் ஒவ்வொன்றாக விசா வந்தது, போய்விட்டார்கள். இவன் மட்டும் பெஞ்சில் இருந்தான்.

துபாயில் இருக்கிற ஊர்க்காரர்கள் தோழமை மன்றம் என்று ஒன்று நடத்துகிறார்கள். ஜக்கரிய்யாதான் செயலாளர், ஹுதைஃபா அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். அந்த மன்றம் முதல் வருஷம் ஊரில் விழா வைத்து அவனுக்குச் 'சிறந்த இளைஞர்' விருது கொடுத்தபோது ஷீல்டை என் கடையிலிருந்து அவனே வாங்கிக்கொண்டு போனான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனானாம். இனி விசா நிச்சயம் என்று நினைத்தான். விருது கொடுக்கிறவர்களெல்லாம் கடையும் கம்பெனியும் வைத்திருப்பவர்கள் ஆயிற்றே.

மேடையை விட்டு இறங்கியதும் கேட்டுவிட்டான். ஜக்கரிய்யா அவன் தோளைத் தட்டினார். "நீயும் வந்துட்டா நம்ம உம்மா வாப்பாவை யாரு பாப்பா?" என்று சிரித்தாராம். இவனும் சிரித்துவிட்டு வந்தான். இரண்டாவது வருஷம் ஷார்ஜாவில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டான். அங்கே மேனேஜர் காயல்பட்டினத்துக்காரர், அவருடைய வாப்பாவை வாராவாரம் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவதே இவன்தான். வேலை கிடைக்குமா? தோஹாவில் கேட்டான், அங்கேயும் யாரோ ஒருவருடைய உம்மா. வளைகுடா முழுக்க எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருந்து ஒரு மகன்தான் எட்டிப் பார்த்தான். வேலை இல்லை என்றார்கள், ஷீல்டு மட்டும் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

ஜஹ்ராவை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஜஹ்ராவின் வாப்பா ரியாத்தில் காலம் கழித்தவர். வெளிநாட்டுப் பயணத்தை அவர்கள் சஃபர் என்பார்கள். "ஒரு சஃபராவது போயிட்டு வரட்டும், அப்புறம் நிக்காஹ்" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். ஜஹ்ரா காத்திருந்தாள். அவளோடு ஒத்த பெண்களுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாயிற்று.

அவன் குளிக்கும்போதுகூட போனை பிளாஸ்டிக் பையில் போட்டு வாளி மேல் வைத்திருப்பான். கல்யாண வீட்டில் பிரியாணியில் கையை வைத்தால் போன் அடிக்கும். மதுரைக்கு அந்தப் பக்கம் அவன் போனதில்லை. ஒருநாள் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சொன்னான்:

"அண்ணாச்சி, எனக்கு மூச்சு முட்டுது. சில நேரம் அந்த மாமிமார் மேலேயே கோவம் வருது. அவங்க என்ன செய்வாங்க பாவம். நானே கெட்டவனாயிருவேனோன்னு பயமா இருக்கு."

"ஏலே, ஒருநாள் போனை அணைச்சுப் போட்டுட்டுத் தூங்கு."

"அன்னைக்குப் பாத்து யாராவது மௌத்தாயிட்டா?"

மௌத்து என்றால் சாவு. நானும் அவன் பெயரை அழகாகப் பொறித்துப் பொறித்து அவனை அந்த ஊரோடு பூட்டுகிற வேலையைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் வழி காட்டியது ஸ்கேன் சென்டரில் மெஷின் பார்க்கிற ரெனிஷ். நாகர்கோவில் பக்கத்துப் பையன். அவன் சொந்தக்காரர் ஒருவர் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். நோயாளிகளை வார்டுக்கும் ஸ்கேனுக்கும் கூட்டிப் போய்வர ஆள் வேண்டுமாம். அதே வேலைதான். ஆனால் எட்டு மணி நேரம் முடிந்தால் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஆஸ்பத்திரியில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர்கூட இல்லை என்பதைக் கேட்டதும் ஹுதைஃபா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. போனில் இருந்த பாஸ்போர்ட் நகலை அனுப்பினான். விசா வந்தது, டிக்கெட்டும் வந்தது. என்னையும் ரெனிஷையும் ஜஹ்ராவையும் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரிஜினல் பாஸ்போர்ட் மட்டும் அவன் கையில் இல்லை. சில மாதங்களுக்கு முன்னால் கைத்தாங்கலை ஒரு டிரஸ்டாகப் பதிவு செய்யப்போகிறோம், உன்னைத்தான் பொறுப்பாளராகப் போடுகிறோம் என்று போன லீவில் வந்த ஜக்கரிய்யா அதை வாங்கித் தன் வீட்டில் வைத்திருந்தார். அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது என்று இவனும் கொடுத்திருந்தான். இப்போது ஜக்கரிய்யா மறுபடி லீவில் ஊருக்கு வந்திருந்தார். பேங்க் வேலையாக பாஸ்போர்ட் வேண்டும் என்று போய்க் கேட்டான். "பேங்குக்கு ஆதார் போதுமே தம்பி" என்று அனுப்பிவிட்டார். வியாபாரி இல்லையா, மூக்கில் வியர்த்துவிட்டது.

அந்த வருஷம் விழாவைத் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார்கள். எனக்கு வந்த ஆர்டரை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆள் உயர ஷீல்டு. 'எங்கள் எல்லோருக்கும் மகன்' என்று இருபதடி ஃப்ளெக்ஸ். கூடவே தெர்மாகோலில் ஒரு பெரிய சாவி. பெரியவர்களை ஏற்றிப் போக ஹுதைஃபா பொறுப்பில் ஒரு வேன் வாங்கித் தருகிறார்களாம். விழா வெள்ளிக்கிழமை. அவன் விமானம் வியாழக்கிழமை.

ஷீல்டைக் கொடுக்க நான் ஜக்கரிய்யா வீட்டுக்குப் போனபோது ஹுதைஃபா அங்கே முன்னறையில் உட்கார்ந்திருந்தான். உள்ளறை வாசலில் திரை. திரைக்குப் பின்னால் ரஹ்மத்துன்னிஸா மாமி இருமுவது கேட்டது. மத்தியான நேரம், மீன் பொரிக்கிற வாசனை.

"விழா முடியட்டும், பேசிக்கலாம்" என்றார் ஜக்கரிய்யா.

"வியாழக்கிழமை எனக்கு ஃப்ளைட்டு காக்கா. மஸ்கட்டுக்கு."

ஜக்கரிய்யா அவனையே பார்த்தார். "யாரு எடுத்துத் தந்தா? நம்ம ஊர்க்காரன் எவனும் தந்திருக்க மாட்டானே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏன் பாய் தந்திருக்க மாட்டான்?" என்றேன். என்னை ஷீல்டை மூலையில் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு அவனிடம் திரும்பினார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். அங்கன போய் என்ன கிழிக்கப்போற? ஒரு ரூம்ல எட்டுப் பேரு கிடக்கணும். இங்க ராஜா மாதிரி இருக்கலாம். வேன் இருக்கு, சம்பளம் போட்டுத் தாரோம், ஜஹ்ரா வாப்பாக்கிட்டயும் நான் பேசுதேன்."

"ராஜா மாதிரி இருக்கலாம்னா நீங்க ஏன் காக்கா இங்க இருக்கல?"

அவன் குரலில் கோபமே இல்லை. தெரியாமல் கேட்கிறவன் மாதிரிக் கேட்டான். ஜக்கரிய்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாஸ்போர்ட்டு பத்திரமா இருக்கு. விழா முடிஞ்சதும் தாரேன். நான் என்ன அதைத் தின்னுட்டா போறேன்?"

திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. "ஜக்கரிய்யா. உங்க வாப்பா மௌத்தானப்ப நீ எங்க இருந்த?"

"உம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"இந்தப் பிள்ளைக்குச் சொல்லு."

அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியே சொன்னார்கள். "நீ முதல்ல வேலை பாத்த எடத்துல அந்த அரபி உன் பாஸ்போர்ட்டை இரும்புப் பெட்டியில வச்சிருந்தான். வாப்பா இழுத்துக்கிட்டுக் கிடந்தாங்க. நீ அவன் கால்ல விழுந்தும் தரல. நாப்பதாம் நாள் பாத்திஹா கழிஞ்சுதான் வந்து சேந்த. அந்த வாசல்ல நின்னு கதறுனியே. அவனும் பத்திரமா இருக்குன்னுதான் சொன்னான்."

அடுப்பில் மீன் கருகுகிற நாற்றம் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜக்கரிய்யா உள்ளே போனார். திரும்பி வந்து பாஸ்போர்ட்டை ஹுதைஃபாவின் மடியில் வைத்தார். கையில் கொடுக்க அவருக்கு முடியவில்லை போலிருக்கிறது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் அந்த ஆள் மேல் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

"போ வாப்பா" என்றார்கள் மாமி. "எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போ."

ஹுதைஃபா எழுந்து வாசல் வரை போனவன் நின்றான். "காக்கா, செவ்வாய்க்கிழமை மாமிக்கு ஸ்கேன். வெறும் வயித்துல கூட்டிட்டுப் போணும்" என்றான். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். தெருவில் இறங்கியதும் நடக்கவில்லை, ஓடினான்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. நாயகன் இல்லாத மேடையில் தெர்மாகோல் சாவி மட்டும் நின்றது. முதலில் பேசியவர் அவனைப் புகழ்ந்தார். அடுத்தவர் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காசுதான் பெரிதாகிவிட்டது என்றார். துபாயில் இருபது வருஷமாகச் சம்பாதிக்கிற மனுஷன் அப்படிச் சொன்னார், கூட்டம் கை தட்டியது. எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாக்கு துடித்தது. பாக்கிப் பணம் நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஷீல்டு கடைக்கே திரும்பி வந்தது, பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று. யார் பெயர் என்று கேட்டேன். அப்புறம் சொல்கிறோம் என்றார்கள்.

மஸ்கட்டிலிருந்து ஹுதைஃபா எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். முதல் லீவில் வந்ததும் நிக்காஹ் என்று ஜஹ்ராவின் வாப்பா சம்மதித்துவிட்டாராம்.

ஜக்கரிய்யா லீவை நீட்டிக்கொண்டு ஊரிலேயே இருந்தார். போன வாரம் மாமியை மறுபடி ஸ்கேனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம், சட்டையில் மருந்துக் கறை. போன் மூன்று தடவை அடித்தது, யாரோ ஒருவருடைய வாப்பாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டதாம், யாரோ ஒருவருடைய உம்மா வழுக்கி விழுந்துவிட்டார்களாம். ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் விடுவார்களா?

"இன்னும் கொஞ்ச நாள்ல நான் திரும்பலேன்னா அங்க என் விசா செத்துரும் அண்ணாச்சி" என்றார். "கடை போயிரும். உம்மாவை விட்டுட்டுப் போகவும் முடியல. தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி இருக்கு."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்ச நல்ல பையன் யாராவது இருந்தா சொல்லுங்களேன். எந்த ஊரா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி. நாங்க நல்லா வச்சுக்கிடுவோம்."

மேலே மாடியில் என் மகன் பாண்டியராஜன் ஃப்ளெக்ஸ் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். டிப்ளமோ முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறவன். ஜக்கரிய்யா சத்தம் வந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப உம்மாவைப் படியேத்தி விட்டது உங்க மகன்தானே? நான் கேக்கவே இல்ல, அவனா ஓடிவந்து கையைப் பிடிச்சான். தங்கமான பையன் அண்ணாச்சி. என்ன பண்ணுதான்?"

நான் குனிந்து தம்ளரை எடுத்தேன்.

"அவனுக்கு விசா வந்துட்டு பாய்" என்றேன்.

அவன் இன்னும் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கவில்லை.