ஆணி அடிக்க முடியாத பெட்டி

எங்க வீட்டுக்காரரு கிளாட்வினைப் பத்தி திரேஸ்புரத்துல யாரைக் கேட்டாலும் ஒண்ணுதான் சொல்லுவாங்க, அவரு பிரிக்காத மெஷினு இல்லன்னு. கட்டிக்கிட்டு வந்தவளுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். எங்கப்பா சீராக் குடுத்த தையல் மெஷினை, கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு கழட்டிப் பாயில பரப்பி வச்சிருந்தாரு. என்ன வேலை இதுன்னு கேட்டேன். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒரு பொருள வீட்டுல வச்சிருக்கக் கூடாது பிலோமி"ன்னாரு. 

எஸ்.எஸ்.எல்.சி.யோட படிப்பை நிறுத்திட்டு டைப்ரைட்டர் ரிப்பேர் கத்துக்கிட்டவரு. தோணிக்குச் சரக்கு ஏத்துற ஒரு கம்பெனியில சேந்தாரு. ஆபீஸ் மெஷினுங்களைப் பாக்கணும், காலையில முறைப்படி ஆள் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பணும். ரெண்டும் அவரு பொறுப்பு.

ஆள் கூப்பிடுதது எப்படின்னா, ஆபீஸ் சுவத்துல ஒரு பலகை. ஆளுக்கு ஒரு ஆணி, ஆணியில நம்பர் போட்ட பித்தள வில்லை. நேத்து எந்த ஆணியோட நின்னுச்சோ, இன்னைக்கு அடுத்த ஆணியில இருந்து கூப்பிடுவாரு. ஒருத்தன் கப்பலுக்குப் போயிட்டாலும் சரி, சங்கு குளிக்கப் போயிட்டாலும் சரி, அவன் வில்லையை யாரும் தொட மாட்டாங்க. அவன் திரும்பி வாரவரைக்கும் அவன் முறைக்கு, வாசல்ல நிக்கிறவன்ல ஒருத்தன் போவான். புது ஆளு சேந்தா கடைசியில இன்னொரு ஆணி அடிப்பாங்க. அம்புட்டுத்தான் சட்டம். அதுல சண்டை வந்து நான் பாத்ததில்ல.

கடைசி ஆணி இருநூத்து நாப்பத்து மூணு. அது என் தம்பி சிலுவையோடது. சங்கு குளிக்கப் போயி காது ஜவ்வு கிழிஞ்சு, இனிமே தண்ணிக்குள்ள முங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு பிள்ளைக்காரன். முங்கத் தெரிஞ்சவனுக்கு வேற என்ன தெரியும்? அந்த ஒரு ஆணியிலதான் அவன் குடும்பம் நின்னுச்சு.

எழுபத்தொம்பதாம் வருசம் மேனேஜர் அருமைநாயகம் மெட்ராஸ்ல இருந்து ஒரு பெட்டியைக் கொண்டாந்து இறக்கினாரு. கம்ப்யூட்டராம். மேசை மேலயே அடங்கிரும். முன்னால எழுத்துக் கட்டை, மேல சின்னக் கண்ணாடித் திரை, பக்கத்துல டேப் ரெக்கார்டர். இனிமே பலகை வேண்டாம், முறையை இதுவே சொல்லும்னாரு. பேரு எத்தனை பிடிக்கும்னு இவரு கேட்டிருக்காரு. இருநூறு, பொறவு வேணுங்கிற அளவுக்குப் பெருசாக்கிக்கலாம்னு வித்தவன் சொன்னானாம். "ஏலே கிளாட்வின், பத்து நாளு பாத்து எழுதிக் குடு. சரியில்லன்னா திருப்பி அனுப்பிருவோம்"னாரு மேனேஜர்.

விடுவாரா எங்க ஆளு? மூடியைக் கழட்டிட்டாரு. மத்தியானம் சோறு கொண்டு போனா பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, "இங்கன பாரு பிலோமி"ம்பாரு. நான் என்னத்தப் பாக்க? பச்சைத் தகடும் கறுப்புப் பூச்சியுமா இருக்கு. ஆனா அவரு சொல்லச் சொல்ல எனக்கும் விளங்கிருச்சு. தகடு சொருக மூணு இடம், மூணும் நிறைஞ்சு கிடக்கு. நினைவு வைக்கிற சில்லு எல்லாம் ஈயம் வச்சுப் பத்தவச்சது, கழட்டிப் பெருசு மாட்ட முடியாது. எப்படியாச்சும் ஒண்ணைச் சேத்தாலும் கரண்ட் குடுக்கிற பாகம் தாங்காது, இப்பவே அது தோசைக்கல்லாச் சுடுது. காத்துப் போக ஒரு விசிறி வைக்கக்கூட இடம் விடல. கடல்காத்து பட்டு பத்து நாளுல திருகாணி பச்சை பூத்துருச்சு. மீதிப் பேரை டேப்புல வைக்கலாமான்னு பாத்தாரு. ஒரு தடவை ஏத்த கால் மணி நேரம், அதுக்குள்ள முதல் இருநூறு அழிஞ்சிரும். "இத வித்தவன் ஒரு நாளும் மூடியைக் கழட்டிப் பாத்திருக்க மாட்டான்"னு பல்லைக் கடிச்சாரு.

பத்தாம் நாளு காகிதத்தை வச்சிக்கிட்டு எழுதாம உக்காந்திருந்தாரு. என்னன்னு கேட்டேன். ஊர்ல இருக்கவன மட்டும் எண்ணினா நூத்தித் தொண்ணூத்தெட்டு பேரு, பெட்டிக்குள்ள அடங்கிருவான். ஆனா அப்படி எழுதினா கடல்ல இருக்க நாப்பத்தஞ்சு பேரு ஆணி போயிரும். அதுல இவரு சித்தப்பா மகன் மரியான் ஒருத்தன், ஐம்பத்தேழாம் நம்பரு, கப்பலுக்குப் போயி மூணு வருசம் ஆச்சு.

"எல்லாரும் தினம் வாராங்கன்னு எழுதுங்க. பெட்டி பத்தாதுன்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்கள்லா"ன்னேன்.

"பொய்யில்லா அது?"

"ஆமா, பெரிய பொய்யி. ஒருத்தன் சோத்தைக் காப்பாத்தச் சொல்லுத பொய்யி."

எழுதிட்டாரு. தினம் வேலைக்கு வாரவங்க இருநூத்து நாப்பத்து மூணு, இந்த மெஷினு இருநூறுக்கு மேல தாங்காது, இதைப் பெருசாக்க வழியே இல்லன்னு. கீழ கையெழுத்து.

அருமைநாயகம் அந்தக் காகிதத்தை ரெண்டு தடவை படிச்சாராம். "ரொம்பத் தெளிவா எழுதியிருக்க. மெஷினைப் பெருசாக்க முடியாதுன்னா முடியாதுதான். இருநூறோட நிறுத்திக்கிடுவோம். அதுக்கு மேல நம்பரு இருக்கவங்கள வேலையை விட்டு நின்னுக்கச் சொல்லு"ன்னாரு.

 எங்க வீட்டுக்காரரு உள்ளதைச் சொல்லியிருக்காரு, முதல் இருநூறுலதான் கடல்ல இருக்க நாப்பத்தஞ்சு பேரும் இருக்கான், பழைய ஆணியெல்லாம் அவங்களோடது, இப்ப நிறுத்தச் சொல்லுத நாப்பத்து மூணு பேருதான் தினம் வாரவன்னு. மேனேஜர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாராம். "எல்லாரும் தினம் வாராங்கன்னு நீதான எழுதியிருக்க? அப்போ இது பொய்யா?" இல்ல, எழுதினது நிசந்தான்னு தலையாட்டிட்டாரு இவரு. பொய்யின்னு சொன்னா இவரு வேலை போகும், அந்த நாப்பத்தஞ்சு ஆணியும் போகும்.

வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்.

மறுவாரம் திங்கக்கிழமை பலகையைக் கழட்டிட்டாங்க. பெட்டி பேரு சொல்லுது, இவரு வாசிக்கிறாரு. சிலுவைகிட்ட அவன் நம்பரு போயிருச்சுன்னு சொல்ல எனக்கு வாயி வரல, எப்பவும் போல தூக்குச்சட்டியில சோறு குடுத்து அனுப்பினேன். நானும் பின்னாலயே போனேன்.

"ஐம்பத்தேழு, மரியான்"னு வாசிச்சாரு. யாரும் வரல. எப்படி வருவான், அவன் எந்தக் கடல்ல கிடக்கானோ.

"நான் போறேன் அத்தான்"னு சிலுவை முன்னால வந்தான். வழக்கம் அதுதான்.

எங்க வீட்டுக்காரரு கட்டையைத் தட்டினாரு. திருப்பித் தட்டினாரு. ஒருத்தனுக்குப் பதிலா ஒருத்தன் போறான்னு சொல்ல அந்தப் பெட்டியில இடமே இல்ல. ஆள் வந்தானா, வரலையா, ரெண்டே கேள்விதான் கேக்கு. பின்னால மேனேஜர் நிக்காரு. வரலைன்னு தட்டினாரு. அடுத்த பேரு வந்துச்சு.

"என் பேரு எப்ப வரும் அத்தான்?"

இவரு தலையைத் தூக்கல.  நான்தான் சொன்னேன், வராதுன்னு.

"ஏன், இதுல ஒரு ஆணி அடிச்சாப் போச்சு"ன்னான் அவன். கேலி இல்ல, நிசமாவே சொன்னான்.

எழுதச் சொன்னவ நான்தான்னு இன்னைக்குவரை அவனுக்குத் தெரியாது. அன்னைக்குத் தூக்குச்சட்டியைத் திறக்காம அப்படியே என் கையில குடுத்தான். வேலைக்குப் போறவனுக்கு ஆக்கின சோறு, நான் எப்படித் திங்கன்னு கேட்டான்.