சாந்தன்பாறையில் கிடைத்த மடக்கு ரிவால்வர்

ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது கேமராவுக்குக் குறுக்கே நடப்பவனுக்கு எங்கள் தொழிலில் மன்னிப்பு கிடையாது. லைட்மேன் நடந்தால் திட்டோடு போகும். சாமான் எடுத்துக் கொடுக்கிற, என்னைப் போன்ற ப்ராப்பர்ட்டி ஆள் நடந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஒரே ஒரு முறை நடந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கினேன் என்றுகூட ஒருத்தன் சொன்னானாம். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் எங்கே பாய்வது? நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

1. பெட்டியில் என்னென்ன வேண்டும்

பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் எனக்கு நாலு ஏக்கர் தென்னை. வீட்டில் நாற்பத்தொரு டம்மி கைத்துப்பாக்கிகள். பாலக்காட்டுப் பக்கமும் மூணாறுப் பக்கமும் ஷூட்டிங் வருகிற யூனிட்களுக்கு வாடகைக்குக் கொடுப்பது தொழில். யூனிட்டில் என்னை 'டம்மி சின்னச்சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் என்று சொல்லிக்கொண்டாலும் பாதி என் ஆசைக்குச் சேர்த்தது. என் வீட்டுக்காரி, "தென்னைக்கு மருந்து வைக்க நேரமில்லீங்க, பொம்மைக்குப் பாலீஷ் போட மட்டும் நேரமிருக்குதுங்களா?" என்று கேட்பாள். நான் பாலீஷ் டப்பாவை மூடிவிட்டுத் தோப்புப் பக்கம் போய்விடுவேன்.

கைத்துப்பாக்கி சேர்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பார்க்க ஜோராக இருக்கிறதென்று வாங்காதீர்கள். எந்த சீனுக்கு எது இல்லை என்று பார்த்து வாங்குங்கள். ஓடி விழுகிற இன்ஸ்பெக்டருக்கு ரப்பர் ரிவால்வர் போதும், இடுப்பில் குத்தாது. தூரத்தில் நிற்கிற அடியாட்களுக்கு மரக்கட்டையில் கறுப்புப் பெயின்ட். க்ளோசப்புக்கு மட்டும் உலோகம், அதுவும் கனமாக. கனம் இல்லாவிட்டால் நடிகர் அதைச் சீப்பு மாதிரி ஆட்டுவார். கைப்பையிலிருந்து எடுக்கச் சின்ன பிஸ்டல் இரண்டு. பளபளப்பு வேண்டவே வேண்டாம், லைட் அடித்தால் கேமராமேன் நம்மை அடிப்பார். ஒரே மாதிரி ஆறு மலிவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள். எல்லா டைரக்டரும் இல்லாத ஏழாவதைத்தான் கேட்பார்கள்.

என்னிடம் இல்லாதது 'மடக்கு'. அது நான் வைத்த பெயர். ஏர்கன் மாதிரி நடுவில் மடங்கித் திறக்கிற அந்தக் கால ரிவால்வர். எஸ்டேட் துரைகள் வருகிற படம் என்றால் அதைத்தான் கேட்பார்கள். டம்மியாகச் செய்து தருகிறேன் என்றவர்கள் செய்ததெல்லாம் தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. ஏழெட்டு வருடம் தேடினேன்.

2. பேச்சியம்மாள் கேட்டது

போன தை மாதம் துரை காலத்துப் படம் ஒன்றுக்காக மூணாறு மலைப் பக்கம் சாந்தன்பாறையில் பத்து நாள் ஷூட்டிங். பேச்சியம்மாள் என்கிற அம்மாவின் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கணவர் இல்லை. ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். கடைசி நாள் நான் துப்பாக்கிகளைத் துணி விரித்து அடுக்கியதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார்.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்கு ஆகுமான்னு பாருங்க. எங்க மாமனாரு ஒரு தொரைக்கு டிரைவரா இருந்தாரு. ஊருக்குப் போறப்ப தொரை குடுத்துட்டுப் போனதாம். அசையாது, செத்துப்போச்சு. வீட்டுல கெடந்தா எனக்குப் பயமா இருக்கு."

அசல் மடக்கு. இரண்டு கையாலும் எடுத்தேன். ட்ரிக்கரை அமுக்கினேன், அசையவில்லை. பின்னாலிருக்கும் ஹேமரை இழுத்தேன், வரவில்லை. குண்டு போடும் உருளை சுற்றவில்லை. திறக்கிற கொக்கி இம்மியும் நகரவில்லை. இண்டு இடுக்கெல்லாம் வெள்ளையாக மெழுகு மாதிரி அடைத்திருந்தது. அதில் குங்குமச் சிவப்பும் கலந்திருந்தது.

"ஆயுத பூஜைக்கு மாமனாரு எண்ணெ விட்டுப் பொட்டு வைப்பாரு. அவருக்கப்புறம் நானும் ஒரு வருசம்கூட நிறுத்தல" என்றார் பேச்சியம்மாள்.

அசையாத துப்பாக்கி பழைய இரும்பு என்று நானாக முடிவு செய்துகொண்டேன். லைசென்ஸ், ஸ்டேஷன் என்று யோசிக்க வேண்டிய வயது எனக்கு. ஆசை யோசிக்க விடவில்லை.

"என்ன வேணுமுங்க அம்மணி இதுக்கு?" என்று கேட்டேன்.

"காசெல்லாம் வேண்டாம். என் தம்பி செல்லப்பாண்டி ஏலக்கா ஒணத்துற ஸ்டோர்ல பொகைக்குள்ளயே கெடக்கான். ஒரு சீன்ல அவன் மூஞ்சி தெரியிற மாதிரி நிப்பாட்டி விடுங்க."

டைரக்டரிடம் சொன்னேன். அவருக்கு மடக்கும் பிடித்தது, செல்லப்பாண்டியின் முகமும் பிடித்தது. பெருமாட்டித் தோப்பில் எடுக்கப்போகிற சீனில், துரை ஒரு கூலிக்காரரின் நெற்றியில் துப்பாக்கி வைப்பார். அந்தக் கூலிக்காரர் செல்லப்பாண்டி என்று முடிவானது. வயது முப்பத்தைந்திருக்கும். அன்று சாயங்காலமே எங்கள் வேனில் கிளம்பி வந்துவிட்டார். மறையூர், உடுமலை வழியாக இறங்கினோம். வழியெல்லாம், "க்ளோசப்புன்னா கண்ண மூடலாமா, கூடாதா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கூடாது என்றேன். அதற்குப் பிறகு கண்ணைச் சிமிட்டாமல் பழகிக்கொண்டு வந்தார்.

3. பெருமாட்டித் தோப்பு

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரிகர்சல். தை மாதக் குளிர்க் காற்று. துரை வேஷம் போட்டவர் ஆனந்த் என்கிற சென்னைத் தம்பி. மரியாதையான பிள்ளை. துப்பாக்கியை யாரிடம் கொடுத்தாலும் உள்ளே திறந்து காட்டித்தான் கொடுப்பேன். அன்று, "ஏனுங்க தம்பி, இது திறக்காதுங்க, செத்த கட்டை" என்று சொல்லிக் கொடுத்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் உள்ளே பார்க்காமல் நான் கொடுத்த ஒரே துப்பாக்கி அது.

மூன்று ரிகர்சல். மூன்று முறையும் ஆனந்த் செல்லப்பாண்டியின் நெற்றியில் வைத்து ட்ரிக்கரை அமுக்கினார். அசையவில்லை. "பரவாயில்ல, சத்தம் அப்புறம் சேத்துக்கலாம்" என்றார் டைரக்டர். பிறகு லைட்டிங். பதினொரு மணி ஆகிவிட்டது. வெயில் ஏறி, தோப்புக்கு வெளியே மண் சுட்டது. அத்தனை நேரமும் ஆனந்த் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெயிலில் நின்று வசனம் பார்த்தார்.

டேக் போனார்கள். நான் முப்பதடி தள்ளி மரத்தடியில் நின்றேன். ஆனந்த் செல்லப்பாண்டியின் நெற்றியில் துப்பாக்கியை வைத்து வசனம் பேச ஆரம்பித்தார். ஐந்து வரி வசனம், எனக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. ஐந்தாவது வரி முடிந்ததும் ட்ரிக்கர். மூன்றாவது வரியில் அவர் கட்டைவிரலால் ஹேமரைப் பின்னுக்கு இழுத்தார். அது வந்தது. உருளையும் ஒரு அறை சுற்றி நின்றது.

தேங்காயெண்ணெய். மலைக் குளிரில் உறைந்து கிடந்தது எங்கள் ஊர் வெயிலில் உருகிவிட்டது. எங்கள் வீட்டிலும் மார்கழி தை காலையில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். இந்தப் புத்தி நேற்று எங்கே போயிற்று? அது சாகவில்லை. சாகவில்லை என்றால் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கத்தலாம். கத்தினால் ஆனந்த் திடுக்கிடுவார், விரல் ட்ரிக்கரில் இருக்கிறது. அதனால் கத்தவில்லை. நடந்தேன். கேமராவுக்குக் குறுக்கே, நேராக, மெதுவாக நடந்தேன்.

"யாருய்யா அது ஃப்ரேம்ல?" என்று டைரக்டர் கத்தினார்.

அவர் கத்தியதற்கும் நான் கையை நீட்டியதற்கும் நேரம் சரியாக இருந்தது. ஹேமருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் என் கட்டைவிரலைத் திணித்தேன். ஆனந்த் திடுக்கிட்டார். ஹேமர் என் நகத்தின் மேல் விழுந்தது.

"விடுங்க தம்பி, எங்கிட்டக் குடுத்துருங்க" என்று மட்டும் சொன்னேன். கொடுத்துவிட்டார்.

செல்லப்பாண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, தரையைப் பார்த்துப் பிடித்துக் கொக்கியை நகர்த்தினேன். வெண்ணெய் மாதிரி திறந்தது. எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. ஆறு அறையில் இரண்டில் பித்தளை தெரிந்தது. ஆனந்தும், ஓடிவந்த டைரக்டரும் மேனேஜரும் மட்டும் அதைப் பார்த்தார்கள்.

4. வாய்க்காலா, ஸ்டேஷனா

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, வாய்க்கால்ல தண்ணி நெறையப் போகுது. போட்டுட்டு வந்துருங்க. நம்ம நாலு பேரத் தவிர யாருக்கும் தெரியாது" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், அதைத்தான் நானும் யோசித்தேன். ஸ்டேஷனுக்குப் போனால் என் தொழில் போகும், பேச்சியம்மாளும் மாட்டுவார். வாய்க்கால் இருபதடி தூரத்தில் ஓடியது. அப்போது செல்லப்பாண்டி என் பக்கத்தில் வந்தார். நெற்றியில் துப்பாக்கி முனை பதிந்த வட்டம் அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, நான் கண்ணச் சிமிட்டிட்டேனா? அதான் நிப்பாட்டிட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கு மேல் என்னால் வாய்க்கால் பக்கம் போக முடியவில்லை. உள்ளங்கையைத் திறந்து இரண்டு தோட்டாவையும் காட்டினேன்.

"உங்க மேல தப்பு இல்லீங்க. என் மேல. நான் உள்ள பாக்காமக் குடுத்துட்டேன்."

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "காலையில மூணு தடவ அமுக்குனாருல்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "பழைய இரும்புக் கடையில கெடச்சதுன்னு சொல்லிருங்க. அக்காவ இழுத்து விட்றாதீங்க" என்றார்.

ஆனால் அவர் எதிரிலேயே பேச்சியம்மாளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "தம்பி நல்லாருக்கானா?" என்றார். நல்லாயிருக்காருங்க என்றேன். "நாந்தான் குடுத்தேன்னே சொல்லுங்க. பூஜை போட்டு எண்ணெ விட்டதும் நாந்தான். காலையில மொத பஸ்ஸுல வாரேன்."

துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அன்றைக்கே ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். சொன்னபடி அந்தம்மா மறுநாள் வந்து என் பக்கத்தில் நின்றார். எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "உள்ளில் நோக்காதெயாணோ சேட்டா கொடுத்தது?" என்றார் மலையாளத்தில், உள்ளே பார்க்காமலா கொடுத்தீர்கள் என்று. அதட்டிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகக் கேட்டார். ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த போலீஸ்காரர் ஒரு தோட்டா வெடித்த வெறும் கூடு, இன்னொன்று வெடிக்காதது என்றார். வெடித்திருக்குமா என்று கேட்டேன். வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம் என்றார். இன்றும் ராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்தப் பதில்தான் வந்து நிற்கிறது.

வழக்குப் பதிவாயிற்று. நாங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்ததால் பிறகு பெரிய தண்டனை இல்லாமல் முடிந்தது. மூன்று யூனிட் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. அதில் எனக்கு வருத்தமுண்டு, கோபமில்லை.

5. மறுபடி அதே சீன்

நாலு நாள் கழித்து அதே சீனை எடுத்தார்கள். வேறு ஆளைப் போடலாம் என்றார் மேனேஜர். செல்லப்பாண்டி, "நானே உக்காருறேன். ஆனா சாமான் இவரு கையால வரணும்" என்று என்னைக் காட்டினார். என்னைக் கூப்பிட்டனுப்பியதே அதனால்தான்.

குழாய் அடைத்த உலோக டம்மி ஒன்றை எடுத்துப் போனேன். வழக்கப்படி உருளையை வெளியே தள்ளி ஆனந்துக்குக் காட்டினேன்.

"அவருகிட்ட இல்ல அண்ணாச்சி. எங்கிட்டக் காட்டுங்க" என்றார் செல்லப்பாண்டி.

இத்தனை வருடமும் நான் பிடிக்கிறவருக்குத்தான் திறந்து காட்டியிருக்கிறேன். எதிரில் உட்காருகிறவருக்கு ஒருமுறைகூடக் காட்டியதில்லை. குண்டு அவர் மேல்தான் பாயும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மட்டுமில்லை, எங்கள் தொழிலில் யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது என்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி முதலில் போக வேண்டியது எதிரில் இருக்கிறவர் கைக்கு. அவர் துணை நடிகராக இருந்தாலும் சரி, கூட்டத்தில் ஒருவராக இருந்தாலும் சரி, அவர் சரியென்று சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

செல்லப்பாண்டி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆறு அறையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். குழாய் முனையில் அடைத்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உருளையை மூடி, ட்ரிக்கரை மண்ணைப் பார்த்து ஆறு முறை அமுக்கினார். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். யூனிட் முழுக்கச் செல்லப்பாண்டிக்காகக் காத்திருந்தது.

பிறகு அவரே எழுந்துபோய் ஆனந்த் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து மண்டியிட்டார். ஆனந்த் அவர் நெற்றியில் வைக்கப் போனார். வைக்க முடியவில்லை. முனை நெற்றியில் பட்டுப் பட்டு நடுங்கியது.

செல்லப்பாண்டி நிமிர்ந்து பார்த்து, "நான் பாத்துட்டேன் சார். பயப்படாமப் புடிங்க" என்றார்.