இரண்டு சீட்டிலும் என் பெயர்

ஓசூரில் இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. நம் பக்கம் புதுப்படத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னால் முதல் காட்சி கிடையாது. ஜூஜூவாடி தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்துவிட்டால் அதே படம், அதே தமிழில், ஆறு மணிக்கே ஓடும். சென்னைக்காரர்கள் பல் விளக்கி முடிப்பதற்குள் எங்களுக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும். இந்த மூன்று மணி நேரப் பெருமைக்காக நான் எதையும் செய்வேன். செய்தும் இருக்கிறேன்.

போன வருடம் ஒரு க்ரைம் படம் வந்தது. ட்ரெய்லர் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிப்காட்டில் என் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் அக்காவுக்கும் அதே பைத்தியம். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. பாரூர்க்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். உதிரி பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்குவது எங்கள் வேலை. கை அதைச் செய்யும், வாய் சினிமா பேசும். படம் வெளியாகும் வெள்ளிக்கிழமை எங்களுக்குக் காலை ஷிஃப்ட். இருவரும் லீவு கேட்டோம். ஒருத்திக்குத்தான் என்று சூப்பர்வைசர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றாள் அக்கா. எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒரு சிவப்பு அட்டையை இரண்டாகக் கிழித்தேன். முதல் துண்டில் என் பெயர். இரண்டாவதில் அவள் பெயரை எழுதத்தான் பேனாவை வைத்தேன், சத்தியமாக. ஆனால் ஹாஸ்டலில் என் அறையில் எட்டுப் பேர். மாலைக்குள் எவளாவது படத்தின் முடிவை உளறித் தொலைப்பாள் என்று நினைத்ததும், கை தானாக என் பெயரையே மறுபடி எழுதியது. கை தானாக என்பதுகூடத் திருட்டுப் பேச்சுதான். நான்தான் எழுதினேன்.

அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். மற்றதை நான் டீ கப்புக்குள் கசக்கிப் போட்டு, கப்பைக் குப்பையில் எறிந்தேன்.

“எனக்கெங்க விழப்போவுது? என் தலையெழுத்து அப்பிடி,” என்றாள். “அந்தப் பெட்டியிலயும் நான் பேர் போடல, போ. நாலு பேர் முன்னாடி இன்னொருக்கா எதுக்குத் தோக்கணும்?”

எனக்குத் திக்கென்றது. எங்கள் பிரிவில் ஜெனரல் ஷிஃப்ட்டில் ஓர் இடம் காலியாகியிருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை, வாராவாரம் நேரம் மாறாது. கேட்டவர்கள் நிறையப் பேர் என்பதால் குலுக்கல் என்று சொல்லி, கேன்டீன் வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு, டிபன் இடைவேளை முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள். அக்காவுக்கு நாலாவது படிக்கும் மகள். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் மகள் தூங்கிய பிறகுதான் அவள் வீடு போய்ச் சேர்வாள். ஒரு மாதமாக அந்த இடத்தைப் பற்றித்தான் பேச்சு. “போடுக்கா, விழும்” என்று சொல்லிப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து அத்திப்பள்ளி தாண்டியாகிவிட்டது. தியேட்டர் வாசலில் பாதி ஓசூர் நின்றது. உள்ளே ஒரே விசில். நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன்.

கதை இதுதான். ஒரு மருந்துக்கடைக்காரன் அவசரத்தில் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடுகிறான். அதைச் சாப்பிட்ட பெரியவர் செத்துப்போகிறார். பழி அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த மருமகள் மேல் விழுகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் கடைக்காரனிடம் இருக்கிறது. அது கிடைத்தால் அவன் தொலைந்தான். இன்ஸ்பெக்டர் கடைக்குள் வருகிறார். மின்விசிறிக் காற்றில் சீட்டு பறக்கிறது. போய் அவருடைய பூட்ஸுக்கு அடியிலேயே ஒட்டிக்கொள்கிறது! அவர் நடக்கிறார், நிற்கிறார், கடைசியில் படியில் காலைத் தேய்க்கிறார். சீட்டு சாக்கடையில் விழுந்து மிதந்துகொண்டே போகிறது. தியேட்டரே எழுந்து கத்தியது. நானும் எழுந்து கைதட்டினேன். குற்றவாளி தப்பித்ததற்கு அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

அடுத்த காட்சி போலீஸ் ஸ்டேஷன். அந்த மருமகள் பெஞ்சில் உட்கார்ந்து, யாரையும் திட்டாமல், “என் தலையெழுத்து” என்றாள். இடைவேளை விட்டார்கள்.

அக்கா சொன்ன அதே வார்த்தை. மணி ஏழு முப்பத்தைந்து. ஷிஃப்ட்டில் இருப்பவர்களின் போன் செக்யூரிட்டி அறைப் பெட்டியில் பூட்டியிருக்கும், கூப்பிட்டுப் பயனில்லை. எட்டரைக்குக் குலுக்கல் பெட்டியை மூடுவதற்குள் நேரில் போனால்தான் உண்டு. ஆனால் இரண்டாம் பாதி? அவன் மாட்டுவானா? பாப்கார்ன் வரிசை வரைக்கும் போய், திரும்பி, மறுபடி போய், கடைசியில் வாசலுக்கு ஓடினேன். கதவருகே நின்றவர் கன்னடத்தில், “ஏனாய்த்தம்மா, படம் சென்னாகில்வா?” என்று, படம் பிடிக்கவில்லையா எனக் கேட்டார். படம் ரொம்ப நன்றாக இருந்தது, அதுதான் பிரச்சினை என்பதை எந்த மொழியில் சொல்வது?

டோல்கேட்டில் லாரிகள் நகரவே இல்லை. பஸ்ஸை நம்பாமல் குதித்து இறங்கி, வரிசையின் தலை வரை நடந்து, ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். எட்டு பதினேழுக்குக் கம்பெனி கேட்.

“லீவுல இருக்கிறவங்கள உள்ள விட முடியாதும்மா,” என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

ஏதாவது பொய் சொல்லலாமென்று வாய் திறந்தேன். சொன்ன வரைக்கும் போதும் என்று தோன்றி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, விசிட்டர் பாஸ் எழுதிக் கொடுத்தார். “பூட்ஸ்ல ஒட்டிக்கிச்சா! செம்ம சீனா இருக்கும் போல,” என்றார். நான் வேலை பார்க்கும் இடத்துக்குள் நானே விருந்தாளியாக ஓடினேன்.

அக்கா பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, சுற்றிலும் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல், “ரெண்டு சீட்டுலயும் என் பேர்தான்க்கா இருந்துச்சு. நான் ஏமாத்திட்டேன்” என்றேன்.

அவள் கை தட்டிலேயே நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“அப்போ எனக்கு விழுந்திருக்குமாடி?”

“விழுந்திருக்கலாம்க்கா. பாதிக்குப் பாதி.”

“சின்ன வயசுலேருந்து எதுலயும் எனக்கு விழுந்ததில்ல,” என்றாள் மெதுவாக. “அதுல எத்தன தடவ இப்பிடியோ.”

அவள் எழுந்து கை கழுவினாள். பெட்டியை எடுக்க ஆள் வந்துகொண்டிருந்தார். “ஒரு நிமிஷம்ண்ணா” என்று அவரை நிறுத்தி, பேப்பர் வாங்கி, தன் பெயரைத் தானே எழுதி உள்ளே போட்டாள். நான் பேனா நீட்டியும் வாங்கவில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு லீவை ரத்து செய்து, நானும் யூனிஃபார்ம் மாட்டி அவள் பக்கத்தில் நின்றேன். அன்று எங்கள் மேஜையில் சினிமாப் பேச்சு இல்லை.

இரண்டு மணிக்குக் குலுக்கல். அதிகாரி பெட்டியைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்தார். முட்டி வலியோடு ஷிஃப்ட் பார்க்கும் ஃபோர்க்லிஃப்ட் அண்ணனின் பெயர். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் கையைத் தூக்கினாள்.

“சார், மிச்சத்தையும் பிரிச்சுப் படிங்க.”

அதிகாரியின் முகம் மாறியது. “எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?”

“நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் தெம்பு இருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். ஏழாவதாக அக்காவின் பெயர் வந்தது. கடைசிச் சீட்டு வரை கேட்டாள்.

“போதுமா?”

“போதும் சார்,” என்றாள். முகம் அப்படித் தெளிந்திருந்தது. “இன்னிக்குத்தான் நான் நெசமாத் தோத்திருக்கேன்.”

சிலர் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேட் வரை சேர்ந்து நடந்தோம். போனை வாங்கிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி கேட்டாள்: “அந்த மருந்துக்கடக்காரன் கடைசில மாட்டுனானா?”

“தெரியாதுக்கா. இடைவேளையிலயே வந்துட்டேன்.”

அவள் நின்று, அன்று முதல்முறையாக என் முகத்தை முழுசாகப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போவோம்,” என்றாள். “சீட்டுகீட்டுன்னு பேப்பரத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்.”