பேருந்தில் கடலுக்குப் போனவள்

இந்த மாலத்தீவுத் தீவில் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் மாலை ஐந்து மணிக்குப் படகுத்துறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் அறுக்கிறார். காலையில் டை கட்டி அசெம்பிளியில் பேசிய அதே மனிதர். அவருடைய அண்ணன் மீன்பிடிப் படகில் போகிறவர். சூரை மீன் வந்தால் தம்பி கத்தியோடு வந்துவிடுவார். மாணவர்கள் கையசைத்தால் இரத்தம் பட்ட கையை உயர்த்துவார். 2010இல் நான் ஆங்கில ஆசிரியையாக வந்த முதல் வாரம் இதை வாய் பிளந்து பார்த்து நின்றேன். அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். "சாரி மிஸ், உங்களுக்கு மீன் வாடை ஆகாதோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மறுக்கவில்லை, சிரித்து வைத்தேன். அதன் பலன், சுற்றிலும் கடல் இருக்க ஒன்றரை வருடம் பருப்பும் முட்டையும் தின்றேன்.

கடலூரை ஒட்டிய மீனவர் குப்பத்தில், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பில், நோட்ஸில் இருந்த 'கடற்கரைக்கு ஒரு பயணம்' என்ற ஆங்கிலக் கட்டுரையைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா அர்த்தம் கேட்டார். சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறினோம், கடலைக் கண்டு வியந்தோம், சுண்டல் சாப்பிட்டோம்.

"ஏம்மா, கொல்லக் கதவத் தொறந்தா கடலு. நீ எந்தக் கடலுக்கு பஸ்ஸு ஏறிப் போன?"

"சும்மா இருங்க, அது மார்க்குக்கு," என்றாள் அம்மா.

"மார்க்குக்குன்னா போவட்டும். சுண்டல்ல எனக்கும் ரெண்டு எடுத்தாரச் சொல்லு."

முழு மதிப்பெண் வாங்கினேன். 2004இல் சிதம்பரத்தில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தபோது, விடுதியில் ஒருத்தி, "கடலூர்ல எங்க?" என்றாள். "திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம்" என்று நகரத்துப் பெயரைச் சொன்னேன். குப்பத்தின் பெயரை மூன்று வருடமும் சொல்லவில்லை. எல்லாரையும்விட நன்றாகப் படிக்கிறவள் என்ற கர்வம் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் அது குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

போன மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய நேரம். தலைமையாசிரியர் வகுப்பைப் பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கையெழுத்திட்டால்தான் வேலை. பத்தாம் வகுப்புக்குக் கதை எழுதும் பாடம். 'சொல்பவர் யார், எங்கே நின்று பார்க்கிறார்?' என்று பலகையில் எழுதினேன். மாதிரிக்கு, பிழையில்லாதது என்று நம்பி, அந்தப் பழைய கட்டுரையையே நகலெடுத்துக் கொடுத்திருந்தேன்.

ஷிஃபா என்ற மாணவி கை தூக்கினாள். "மிஸ், இவள் கடலைப் பார்த்து ஏன் இவ்வளவு ஆச்சரியப்படுகிறாள்? உடம்பு சரியில்லையா?"

வகுப்பு சிரித்தது. தலைமையாசிரியர் எனக்கு உதவ நினைத்து, "மிஸ்ஸுடைய ஊரில் கடல் தூரம்" என்றார்.

ஆமாம் என்றால் பாடம் தப்பித்துவிடும். இல்லை என்றால், ஒன்றரை வருடம் அவரை ஏமாற்றியவள் ஆவேன். சாக்பீஸை எடுத்தேன். 'எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் கடல். என் அப்பா மீன் பிடிக்கிறவர்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

கேள்விகள் கொட்டின. படகு எத்தனை அடி? வலையா, தூண்டிலா? பாதி மீன்களுக்கு எனக்கு ஆங்கிலப் பெயர் தெரியவில்லை; படம் வரைந்தேன். மணி அடித்தும் அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் எழுந்து போனார்.

மாலை படகுத்துறைக்கு நானாகவே போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கத்தியைத் திருப்பிப் பிடியை என் பக்கம் நீட்டினார். அறுத்தேன், அம்மா அறுக்கிற மாதிரி, தலையைச் சாய்வாக. "இங்கே இப்படி யாரும் அறுக்க மாட்டார்களே" என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னும் இரண்டு வருடம். காகிதம் நாளை வரும்" என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்து, வகுப்பில் நடந்ததையும் வேலை நீண்டதையும் சொன்னேன்.

"இப்பவாவது பஸ்ஸு ஏறாம கடலுக்குப் போனியா?"

"இல்லப்பா. பிளேன்ல."

அவர் சிரித்து முடித்து, "ரெண்டு வருஷமா?" என்றார். எங்கள் ஊரில் சூரியன் கடலில் எழும். விழுவது வீடுகளுக்குப் பின்னால். இங்கே கடலிலேயே விழுகிறது. அதற்கு முதுகைக் காட்டி, மீன் வாடை அடிக்கும் கையில் போனைப் பிடித்து, ஊர்ப் பக்கமாகக் கிழக்கே பார்த்து நின்றேன்.