கழுத்து வலியும் சரிந்த இமையும்

நத்தம் பக்கத்துத் தோப்பில் நாள் முழுக்க அண்ணாந்தபடி மாங்காய் பறித்தேன். மறுநாள் இடப்பக்கக் கழுத்து வலித்தது. அடுத்து, இடக்கண்ணின் இமை சரிந்தது.

ஒரு மருத்துவர் சுளுக்கு என்று தைலம் கொடுத்தார். கண் மருத்துவர், “கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றார். இன்னொருவர் சரியாகத் தூங்கச் சொன்னார். கழுத்தைப் பார்த்தவர் கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தவர் கழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருந்தன.

வடமதுரையிலிருந்து நாத்தனார் செல்வி வந்தாள். “எதுக்கு மதினி இம்புட்டு அலைச்சல்? எங்கூர்ல ஒருத்தர் இருக்காரு. கழுத்த முறுக்கி ஒரு நெட்டி எடுத்து விட்டார்னா சரியாப் போகும்.”

வலி தாங்காமல் நானும் கிளம்பிவிட்டேன். வாசலில் கணவரிடம் தண்ணீர் கேட்டேன். “சீப்பு” என்றுதான் வந்தது. திரும்பச் சொன்னேன், மறுபடி சீப்பு. அவர் சிரித்தார். கொடுத்த செம்பு என் வலக்கையிலிருந்து நழுவி விழுந்ததும் சிரிப்பு நின்றது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கிருந்த இளம் மருத்துவர் என் இமையைத் தூக்கிப் பார்த்தார். “கழுத்து வலி இருந்துச்சா?” என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தார்கள். கரோட்டிட் தமனியின் (கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்) உட்சுவர் கிழிந்து, குழாயை ஒட்டி இமைக்குப் போகும் நரம்பும் நசுங்கியிருந்தது. அங்கே உறைந்த ரத்தத்தில் ஒரு துணுக்கு மேலே போய் மூளையில் அடைத்திருந்தது.

“கழுத்த யாரும் முறுக்கி விட்டாங்களா?”

“அதுக்குத்தான் கெளம்புனோம்” என்றார் கணவர்.

“நல்லவேளை, போகாம இருந்தீங்க. போயிருந்தா கிழிசல் இன்னும் பெருசாகியிருக்கும்.”

கூட வந்திருந்த செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தையல் போட முடியாதா?” என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

“பெரும்பாலும் தானா ஆறிரும்மா. அதுவரைக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. கனம் தூக்கக் கூடாது.”

வீட்டில் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: “ரத்தக் குழா எப்படிக் கிழியும்?” நாள் முழுக்க அண்ணாந்து நின்றதால் இருக்கலாம் என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார்; அதற்கு மேல் எனக்கென்ன தெரியும்? “பாத்தா நல்லாத்தானே இருக்க” என்று வேறு சொன்னார்கள். பதில் சொல்லச் சொற்கள் சிக்காமல், கோபம் மட்டும் முழுதாக வந்தது.

கழுத்து வலியோடு இமையும் சரிந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நெட்டி எடுக்கப் போகாதீர்கள். பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் கிழிசல் ஆறியிருந்தது. சொற்களும் திரும்பிவிட்டன, கொஞ்சம் தாமதமாக. இமை இன்னும் லேசாகத் தாழ்ந்தே இருக்கிறது.

பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் இப்போது தலையை மட்டும் திருப்புவதில்லை. நின்று, முழு உடம்போடு திரும்புகிறேன். அதற்குள் கூப்பிட்டவருக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. வரட்டும். செத்த நேரம் நிற்கட்டும்.