கூப்பிட்டது நான்

முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்துப்போனதற்கு என் வீட்டுக்காரர் ஆறு வருடம் பழி சுமந்தார். கூப்பிட்டது நான்.

ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, அம்மா வீட்டுக்கு, என்னை அழைத்துப் போனார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். அம்மா எங்கள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பழத்தைக் கொடுத்தோமா, டீ குடித்தோமா, போனோமா என்று அவர் போக வேண்டும். எனக்கோ அவர் மேல் அதுவரை இல்லாத ஆசை. கர்ப்பத்தில் அப்படியும் வரும் என்று எந்தப் பெண்ணும் எனக்குச் சொன்னதில்லை. மாங்காய்க்கு ஆசை என்றால் ஊரே ஓடும். இதற்கு வாயைத் திறக்க முடியாது.

போன் செய்தேன்.

"மாமா, புதன்கெழம மத்தியானம் வாங்க. அம்மா மகளிர் குழுவுக்குப் போவுது."

"லூசா நீ? உள்ள புள்ள இருக்குதுடி."

"அது தூங்கட்டும். நீங்க வாங்க."

ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். பயந்து பயந்துதான் தொட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

சனிக்கிழமை குழந்தை அசையவில்லை.

அவர் செருப்பை வாசலில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா அவரைக் கிழித்தாள்.

"ரெண்டு மாசம் பொறுக்க முடியலயா மாப்ள? சொந்தப் புள்ளய முழுங்கிட்டீங்களே!"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் கிடந்த நானும் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடமும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மறுபடி உண்டானதும் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அப்போதுதான் பீரோவில் மடித்துக் கிடந்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப்போய் கடலூர் டாக்டரம்மாவிடம் காட்டினேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"தொப்புள்கொடி சுத்தி இறுக்கியிருக்கும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழ எறங்கியிருக்குதுன்னா நாங்களே சேர வேணாம்னு சொல்லிடுவோம்."

ஆறு வருடம். ஒரு கேள்விக்கு. அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமலே மாதங்கள் ஓடின.

முதல் பிள்ளை தங்காததால் மறுபடி வைத்த வளைகாப்பில் எனக்கு வளையல் போட்டுக்கொண்டே அம்மா அவரைப் பார்த்துச் சொன்னாள், "இந்தத் தடவ கொழந்த பொறக்கற வரைக்கும் அந்தப் பக்கமே வராதீங்க மாப்ள." பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"சரிங்க அத்த" என்றார்.

"அன்னிக்கு நாந்தாம்மா கூப்பிட்டேன்" என்றேன். "அதால புள்ள சாவல. டாக்டரே சொல்லிட்டாங்க."

வளையல் பாதிக் கையில் நின்றது. "அடி வெக்கங்கெட்டவளே" என்றாள் அம்மா. டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

எல்லோரும் சாப்பிடப் போனபின் அவர் என்னிடம் கேட்டார், "அப்ப நம்மளால இல்லயா?" மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

பிறந்த பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவரும் கூடத்திலிருந்து வந்துவிட்டார். ஆனால் என் வயிற்றின் மேல் கை வைக்கும்போது அது ஒரு கணம் நின்றுவிடுகிறது. அசைகிறதா என்று பார்க்கிற கை. வெறும் வயிறுதான் என்று அவருக்கும் தெரியும். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறேன்.